வீட்டுக்கு ஒரு காத்தாடி: முதல்முறை செய்பவர்களுக்கு

வைகாசி பிறந்துவிட்டால் எங்கள் உடுமலைப் பக்கத்தில் கிளிப் போடாத துணி கொடியில் நிற்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்று புரட்டாசி வரை ஓயாது. தோட்டத்துக்குத் தோட்டம் நிற்கும் பெரிய காத்தாடிகளை, அதாவது மின்சாரம் எடுக்கும் காற்றாலைகளைப் பார்த்துவிட்டு, நம் சாளைக்கும் (தோட்டத்து வீட்டுக்கும்) சின்னதாக ஒன்று செய்தால் என்ன என்று நினைக்காதவர்கள் இங்கே குறைவு. நானும் அப்படி நினைத்துத்தான் இறங்கினேன். 2.4 மீட்டர் விட்டமுள்ள ஒரு காத்தாடியைச் செய்து, உடைத்து, மறுபடி செய்து கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் பாதி, நம் இடத்தில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பது. இன்னொரு பாதி, காற்று மிஞ்சும்போது இயந்திரத்தை அடக்குவது. மின்சாரம் எடுப்பது இரண்டுக்கும் நடுவில் வருகிற வேலை. புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் அந்த நடு வேலையில்தான் தொடங்குகிறார்கள்.

முதலில் காற்று

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கும் சக்தி எட்டு மடங்காகும். அதனால் ‘எங்க ஊர்ல நல்லா காத்து அடிக்கும்’ என்பது மட்டும் போதாது. நொடிக்கு எத்தனை மீட்டர் என்று தெரிய வேண்டும். சாதாரணக் கண்ணோட்டமும் ஓரளவு உதவும். இலைகளும் சிறு கிளைகளும் விடாமல் ஆடிக்கொண்டிருந்தால் நொடிக்கு 3.5 முதல் 5.5 மீட்டர். தெருப் புழுதியும் காகிதமும் கிளம்பிப் பறந்தால் 5.5 முதல் 8 மீட்டர். வருடத்தில் எத்தனை நாள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இப்படி என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

அதைவிட நல்லது, கிண்ணம் வைத்த ஒரு காற்றுமானியை வாங்கி, 10 மீட்டர் உயரக் குழாயின் உச்சியில் கட்டி ஒரு பருவம் முழுக்க அளப்பது. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாலை ஆற்றல் நிறுவனம் காற்று வரைபடங்களைத் தயாரிக்கிறது. அவை பெரிய காற்றாலைகளின் உயரத்துக்கானவை என்பதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், உங்கள் வட்டாரம் எப்படிப்பட்டது என்று பிடிபடும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு, பல்லடம், உடுமலை போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு இயற்கையே பாதி வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறது. சுற்றிலும் மாடி வீடுகள் உள்ள நகரத்துத் தெருவில் இருப்பவர்கள் இந்தக் காசில் சோலார் பேனல் வாங்கிக்கொள்ளுங்கள், மனதாரச் சொல்கிறேன்.

மொட்டை மாடியில் வைக்கலாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வைக்காதீர்கள். சுவரில் மோதி மேலேறும் காற்று அங்கே சுழன்றுகொண்டே இருக்கும். இறக்கை நிலையில்லாமல் திரும்பித் திரும்பித் தேயும். போதாக்குறைக்கு, அதிர்வு முழுவதும் கான்கிரீட்டில் இறங்கி இரவெல்லாம் வீட்டுக்குள் உறுமும்.

எவ்வளவு கிடைக்கும்?

2.4 மீட்டர் விட்டத்துக்கு இறக்கை வளைத்துப் பிடிக்கும் பரப்பு சுமார் 4.5 சதுர மீட்டர். காற்றில் இருக்கும் சக்தியில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியாது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919-லேயே நிறுவிய வரம்பு இது. வீட்டில் செய்யும் இயந்திரத்தில் ஜெனரேட்டர், ஒயர் எல்லா இழப்பும் போகக் கால் பங்கு கையில் வந்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று பொருள்.

அந்தக் கணக்கில், நொடிக்கு 5 மீட்டர் காற்றில் 80 வாட் சொச்சம். 10 மீட்டர் காற்றில் 500, 600 வாட். 3 மீட்டரில் ஒரு எல்இடி பல்புக்குத்தான் காணும். சராசரி வேகம் 5 மீட்டர் இருக்கும் மாதங்களில் ஒரு நாளைக்கு 3 யூனிட்டை ஒட்டி எதிர்பார்க்கலாம். நான்கு பல்பு, குறைந்த கரண்ட்டில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் இரண்டு, டிவி, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் ஆகியவற்றுக்கு அது போதும். சராசரி 3 மீட்டராக இறங்கிவிட்டால் நாளுக்கு அரை யூனிட் வந்தாலே பெரிது. ஏசி, மோட்டார், ஹீட்டர் எல்லாம் இதற்குச் சரிவராது.

தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகவே வருகிறது. அதனால் கரண்ட் பில்லைக் குறைக்கலாம் என்று மட்டும் இதைச் செய்ய வேண்டாம், கணக்கு உதைக்கும். மின்கம்பம் வராத தோட்டத்துச் சாளை, காவல் கொட்டகை, அடிக்கடி கரண்ட் போகும் இடம் இவற்றுக்குத்தான் இது கை கொடுக்கும். அதிலும் சோலாரோடு சேர்த்துப் போட்டால் நல்ல ஜோடி. ஆனி, ஆடியில் மேகம் மூடி பேனல் மந்தமாகும் நாட்களில்தான் காற்று உச்சத்தில் இருக்கும்.

பழைய மோட்டார் எதுவும் வேண்டாம்

கார் ஆல்டர்நேட்டரில் நேராக இறக்கையை மாட்டினால் போதும் என்று சொல்வார்கள். அது நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் சுற்றினால்தான் உருப்படியாக வேலை செய்யும். 2.4 மீட்டர் இறக்கை மிதமான காற்றில் சுற்றுவது 200-ஐ ஒட்டித்தான். பெல்ட் போட்டு வேகத்தைக் கூட்டினால் கிடைக்கும் கொஞ்சத்தையும் பெல்ட் தின்றுவிடும். சீலிங் ஃபேன் மோட்டாரில் காந்தம் ஒட்டிப் பார்ப்பது பிள்ளைகளுக்குக் காட்ட நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

உலகம் முழுக்கக் கையால் காற்றாலை செய்பவர்கள் பெரும்பாலும் பின்பற்றுவது வட்டத்தகட்டு ஜெனரேட்டரை. ஸ்காட்லாந்தில் சாலையே போகாத ஸ்கோரெய்க் என்ற தீபகற்பத்தில் வசிக்கும் ஹியூ பிகாட் பல வருடங்களாகச் செதுக்கிச் செதுக்கி எளிமையாக்கிய அமைப்பு அது. காந்தம் ஒட்டிய இரண்டு இரும்புத் தட்டுகள் சுழலும். நடுவில் ரெசினில் (ஊற்றினால் இறுகும் பிசினில்) வார்த்த செம்புச் சுருள்கள் அசையாமல் நிற்கும். பல் சக்கரமும் இல்லை, கார்பன் பிரஷ்ஷும் இல்லை.

ஜெனரேட்டர் செய்வது

சிறிய காரின் பின்சக்கர ஹப் (சக்கரத்தைப் பூட்டும் நடுப்பகுதி) ஒன்று, அதன் அச்சோடு வேண்டும். சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம் போன்ற இடங்களில் பழையது கிடைக்கும். பேரிங்கை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

லேத் பட்டறையில் 300 மி.மீ. விட்டம், 10 மி.மீ. கனத்தில் இரண்டு இரும்புத் தட்டுகள் வெட்டச் சொல்லுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடாது, சாதாரண இரும்புதான் காந்தப் பாதையைப் பிடிக்கும். ஒவ்வொரு தட்டிலும் 46 × 30 × 10 மி.மீ. அளவுள்ள நியோடிமியம் காந்தங்கள் 12, வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். இரண்டு தட்டையும் எதிரெதிரே வைக்கும்போது ஒரு தட்டின் வடக்குக்கு நேரே மற்றதன் தெற்கு வர வேண்டும். இதில் ஒன்று மாறினாலும் கரண்ட் குறையும். பிளைவுட்டில் 12 கட்டம் வெட்டி அச்சு செய்துகொண்டு, ஒவ்வொரு காந்தத்தையும் வைக்கும் முன், முந்தையதற்கு மேலே காட்டிப் பாருங்கள். தள்ளினால் சரி, அப்படியே திருப்பாமல் பக்கத்தில் வைக்கலாம். இழுத்தால் புரட்டிப் போட வேண்டும்.

இந்தக் காந்தங்களை விளையாட்டாக நினைக்கக் கூடாது. எங்கள் ஊர் லேத் பட்டறை அண்ணன் முதல் நாளே சொன்னார்: “தம்பி, ஒட்டி முடிச்ச தட்டு ரெண்டையும் ஒரே மேசையில வெக்காதீங்க. ஒண்ணு இந்த ரூம்ல, இன்னொண்ணு அந்த ரூம்ல இருக்கட்டும்.” அவர் இடது கை ஆள்காட்டி விரல் நகம் கறுத்துப் போயிருந்தது, ஸ்பீக்கர் காந்தத்தில் மாட்டியதாம். இது அதைவிடப் பல மடங்கு வலுவானது. இரண்டு தட்டுகள் ஒட்டிக்கொண்டால் நடுவில் மாட்டிய விரல் நசுங்கும், பிரிக்கவும் ஆளால் முடியாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களைப் பட்டறைக்குள்ளேயே விடாதீர்கள். காந்தத்துக்கு ஈரமும் ஆகாது. நிக்கல் பூச்சில் சின்னக் கீறல் விழுந்தால்கூடத் துருவேறி உப்பிவிடும். அதனால் ஒட்டிய பிறகு சுற்றிலும் ரெசின் ஊற்றி மூடிவிட வேண்டும்.

அடுத்தது சுருள். மொத்தம் 9. மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும் 18 கேஜ் எனாமல் கம்பியை இரண்டாகச் சேர்த்துச் சுற்றலாம். எத்தனை சுற்று என்று யாரிடமும் கேட்காதீர்கள். உங்கள் காந்தம், உங்கள் இடைவெளி இரண்டும்தான் அதை முடிவு செய்யும். முதலில் 60 சுற்றில் ஒரே ஒரு சோதனைச் சுருள் செய்து, தட்டுகளுக்கு நடுவில் பிடித்து, நொடிக்கு மூன்று சுற்று வேகத்தில் கையால் சுழற்றுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 24 வோல்ட் பேட்டரிக்கு ஒரு சுருளில் 3.5 வோல்ட்டை ஒட்டி வந்தால் சரி. 4 வோல்ட் வந்தால் 52 சுற்று போதும். 3 வோல்ட்தான் வருகிறதென்றால் 70 சுற்று வேண்டும். நேர் விகிதக் கணக்குதான். எனக்கு 56-ல் நின்றது.

ஒன்பதையும் ஒரே திசையில், ஒரே எண்ணிக்கையில் சுற்றி வட்டமாக அடுக்குங்கள். எண் போட்டு, 1-4-7 ஒரு வரிசை, 2-5-8 ஒரு வரிசை, 3-6-9 ஒரு வரிசை எனத் தொடராக இணையுங்கள். ஒரு சுருளின் முடிவு அடுத்ததன் தொடக்கத்தில் சேர வேண்டும். மூன்று வரிசைகளின் தொடக்க முனைகளையும் ஒன்றாக முறுக்கிப் பற்றவைத்துவிட்டால் ஸ்டார் இணைப்பு. மீதி மூன்று முனைகள்தான் வெளியே வரும் மூன்று ஒயர். பற்றவைக்கும் இடத்தில் எனாமலை முழுக்கச் சுரண்டினீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். ரெசின் ஊற்றிய பிறகு திறக்க வழியே கிடையாது.

13 மி.மீ. ஆழமுள்ள பிளைவுட் அச்சில் மெழுகு தடவி, அடியில் கண்ணாடி நார் விரிப்பு, அதன்மேல் சுருள்கள், மேலே மறுபடி நார் விரிப்பு என்று வைத்துப் பாலியெஸ்டர் ரெசினை ஊற்ற வேண்டும். ரெசினோடு டால்கம் பவுடர் கலந்தால் இறுகும்போது வரும் சூடு குறையும். வெயில் நாளில் ஹார்டனரைக் குறைத்துப் போடுங்கள், இல்லையென்றால் ஊற்றி முடிப்பதற்குள் கல்லாகிவிடும். மூடிய அறையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

இரண்டாவது காந்தத் தட்டைப் பூட்டுவதுதான் மொத்த வேலையிலும் பதற்றமான நேரம். அந்தத் தட்டில் மூன்று துளைகளில் மரை போட்டு, மூன்று நீளமான போல்ட்டுகளை அதில் ஏற்றி, அவற்றின் நுனி எதிர்த் தட்டில் காந்தம் இல்லாத இடத்தில் ஊன்றும்படி செய்ய வேண்டும். தட்டு போல்ட்டின் மேல் தொங்கும். பிறகு மூன்று போல்ட்டையும் ஒரு சுற்று, ஒரு சுற்று என்று மாற்றி மாற்றித் தளர்த்தினால் தட்டு மெல்ல இறங்கும். கையளவு இடைவெளி இருக்கும்போதே தட்டு உதறி இழுப்பது ஸ்பேனரில் தெரியும். அப்போது எவ்வளவு ஆசையாக இருந்தாலும் விரலை நடுவே விட்டு எதையும் சரி செய்யக் கூடாது. கடைசியில், ரெசினில் வார்த்த சுருள் தட்டுக்கு இருபுறமும் ஒன்றரை மி.மீ. இடைவெளி இருந்து, கையால் சுற்றினால் எங்கும் உரசாமல் ஓட வேண்டும்.

மூன்று ஒயரில் எந்த இரண்டை ஒன்றாகத் தொட்டுக்கொண்டு சுற்றினாலும் தட்டு திமிறும், மூன்றையும் சேர்த்தால் கெட்டியாக இறுகும். அப்படி இருந்தால் உங்கள் ஜெனரேட்டர் உயிரோடு இருக்கிறது.

இறக்கை

மூன்று இறக்கை, ஒவ்வொன்றும் 1.2 மீட்டர். சின்ன மாதிரிகளுக்கு பிவிசி குழாயை அறுத்து இறக்கை செய்வார்கள். வெயிலில் ஓரிரு வருடத்தில் அது நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும், இந்த அளவுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணு இல்லாத, ரேகை நேராக ஓடுகிற, நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும். தேக்கு நிலைக்கும்.

நுனியில் அகலம் 7 செ.மீ., அடியில் 15 செ.மீ. காற்றைப் பார்க்கும் முகம் தட்டையாக, ஆனால் முறுக்கோடு இருக்க வேண்டும். சுழலும் தளத்திலிருந்து நுனியில் சுமார் 3 டிகிரி, நடுவில் 8 டிகிரி, அடியிலிருந்து கால் தூரத்தில் 18 டிகிரி. பின்பக்கம் மீன் முதுகு போல வளைந்து, முன் விளிம்பு உருண்டும் பின் விளிம்பு கூர்மையாகவும் முடிய வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் அட்டையில் கோணம் வெட்டி வைத்துக்கொண்டு இழைப்புளியால் சீவினால் பழக்கமில்லாதவர்களுக்கும் வந்துவிடும். நுனிப் பகுதியில் நேரம் செலவழியுங்கள், வேலை செய்வது அதுதான். அடிப்பகுதி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை.

மூன்றும் ஒரே எடை இருந்தால் மட்டும் போதாது, எடை ஒரே இடத்தில் குவியவும் வேண்டும். ஹப்பில் பூட்டியபின் எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நிற்கிறதா பாருங்கள். ஒரே இறக்கை திரும்பத் திரும்பக் கீழே வந்தால் எதிர்ப்பக்கம் ஈயத் துண்டு வைத்துச் சமன் செய்யுங்கள். ஆளி விதை எண்ணெயை இரண்டு மூன்று முறை ஊறவிட்டு, மேலே பெயிண்ட் அடித்தால் மழை தாங்கும்.

அடக்கும் வால்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, நம் காத்தாடி பறக்காமல் இருப்பது வாலின் கையில்தான் இருக்கிறது. இறக்கையின் மையம், காத்தாடி திரும்பும் குழாயின் மையத்துக்கு நேரே இல்லாமல் 10 செ.மீ. பக்கவாட்டில் தள்ளி இருக்க வேண்டும். அப்படியிருந்தால் காற்று எப்போதும் இறக்கையைத் திருப்பிவிடவே பார்க்கும், வால் அதை நேரே பிடித்து வைத்திருக்கும். வாலின் கீலை நிமிர்த்தி வைக்காமல் 20 டிகிரி சாய்த்துப் பற்றவைத்தால், வால் மடங்கும்போது மேல்நோக்கி ஏறியாக வேண்டும். சாதாரணக் காற்றில் வாலின் கனம் ஏறவிடாது. காற்று மிஞ்சினால் வால் ஏறி, இறக்கை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காற்று தணிந்ததும் வால் தானாக இறங்கி நேராகும். ஸ்பிரிங் எதுவும் வேண்டாம். சீக்கிரமே திரும்புகிறதென்றால் வாலில் கொஞ்சம் எடை கூட்டுங்கள், சுருள் சூடாகிறதென்றால் குறையுங்கள்.

இதோடு ஒரு பிரேக் சுவிட்சும் கட்டாயம். மூன்று ஒயரையும் ஒன்றோடொன்று சேர்க்கும் கனமான சுவிட்ச். போட்டால் காத்தாடி ஊர்ந்துதான் போகும். பலத்த காற்றின் நடுவே போட்டால் நிற்காமல் சுருள் கருகலாம், வீச்சு தணியும் நொடி பார்த்துப் போட வேண்டும்.

நான் முதல் வருடம், பேட்டரி முனையில் பூத்த உப்பைத் துடைக்கலாம் என்று பிரேக்கைப் போடாமலே ஒயரைக் கழற்றிவிட்டேன். சுமை போனதும் இறக்கை கிறீச்சிட்டு வேகமெடுத்தது. சில நிமிடத்தில் ஒரு இறக்கை பிய்ந்து பக்கத்துக் கடலைக் காட்டில் போய்க் குத்தி நின்றது. நல்லவேளை, களை எடுக்க வந்தவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இன்றும் அந்த இடத்தைத் தாண்டும்போது வயிறு ஒருமுறை கலங்கும். காத்தாடி சுற்றும்போது பேட்டரியைக் கழற்றவே கூடாது.

கம்பம்

சுற்றி 100 மீட்டருக்குள் இருக்கும் மரம், வீடு எல்லாவற்றையும்விட 10 மீட்டராவது உயரம் வேண்டும் என்பது நியாயமான அளவு. எல்லோருக்கும் முடியாதுதான். ஆனால் 10 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்குப் போனால் வெட்டவெளியிலேயே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தி கிடைக்கும். இறக்கையைப் பெரிதாக்குவதைவிடக் கம்பத்தை உயர்த்துவது புத்திசாலித்தனம். 12 மீட்டருக்குக் குறைவாகப் போட வேண்டாம்.

சி கிளாஸ் ஜிஐ பைப்பை அடியில் கீல் வைத்துப் படுக்கவும் நிமிர்த்தவும் வருகிற மாதிரி நிறுத்தி, நான்கு பக்கமும் இரண்டு அடுக்காக ஸ்டே கம்பி இழுக்க வேண்டும். ஸ்டே ஊன்றும் இடம் அடியிலிருந்து கம்ப உயரத்தில் பாதித் தூரமாவது தள்ளி இருக்கட்டும், அடியில் கான்கிரீட். காத்தாடி இல்லாமல் வெறும் கம்பத்தை இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிப் பழகுங்கள். தூக்கும்போது கம்பத்தின் கீழே யாரும் நிற்கக் கூடாது. விழுந்தாலும் மின்வாரியத்தின் லைனைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். கம்பத்துக்கும் ஸ்டே கம்பிகளுக்கும் எர்த் போடுங்கள், ஐப்பசி இடி நமக்கு வேண்டியவர்களைப் பார்த்து விழாது.

பேட்டரி வரை

கீழே வரும் மூன்று ஒயரும் முதலில் பிரேக் சுவிட்சுக்கு, அங்கிருந்து, ஏசியை பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றும் 35 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபையர்களுக்கு. அவற்றைக் கனமான அலுமினியத் தகட்டில் திருகுங்கள், சூடாகும். 30 மீட்டர் தூரத்துக்கு 10 சதுர மி.மீ. செம்பு ஒயர் வேண்டும். இதில் மிச்சம் பிடித்தால் கரண்ட் ஒயரிலேயே சூடாகப் போய்விடும்.

இன்வெர்ட்டருக்குப் போடும் 12 வோல்ட், 150 ஆம்பியர் ட்யூபுலர் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட், 3.6 யூனிட் கொள்ளளவு. பாதிக்கு மேல் இறக்காதீர்கள், ஆயுள் குறையும். பேட்டரியை ஒட்டியே ஃப்யூஸ், அறையில் காற்றோட்டம், இரண்டும் அவசியம்.

பேட்டரி நிறைந்ததும் சோலாரில் செய்வது போல லைனைத் துண்டிக்கக் கூடாது, துண்டித்தால் என் இறக்கைக்கு நேர்ந்ததுதான் நேரும். மிஞ்சும் கரண்ட்டை வேறொரு சுமைக்குத் திருப்பிவிடும் கன்ட்ரோலர் வேண்டும். 28 வோல்ட்டில் 600 வாட் தாங்கும், 1.3 ஓம் மதிப்புள்ள ஹீட்டர் கம்பியை அதற்கு வைக்கலாம். நான் அதைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருக்கிறேன், ஆடியில் குளிக்க வெதுவெதுப்பாகக் கிடைக்கிறது. வீட்டு மின்வாரிய இணைப்போடு இதை எந்த வகையிலும் கலக்காதீர்கள். கரண்ட் போன நேரத்தில் நம் பக்கத்திலிருந்து லைனில் ஏறினால் கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து.

சித்திரையில் ஒருமுறை

காற்று தொடங்கும் முன், சித்திரையில் கம்பத்தைப் படுக்கவையுங்கள். போல்ட்டுகளை இறுக்கி, பேரிங்குக்கு கிரீஸ் வைத்து, இறக்கையின் முன் விளிம்பு தேய்ந்திருந்தால் பூசி, கீலில் எண்ணெய் விடுங்கள். சுருள் தட்டில் உரசிய தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். காத்தாடி ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி, கம்பத்துக்குள் தொங்கும் ஒயர் முறுக்கேறியிருக்கும். கீழ்முனையைக் கழற்றி, முறுக்குப் போக விட்டு, மறுபடி பூட்டுங்கள். கழற்றும் முன் மேலே இறக்கையைக் கயிற்றால் கட்டியாயிற்றா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.